தோழி பெயரை எங்கே எழுதினால் செல்லும்?

2025 நவம்பரில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்ற திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம், இந்துப் பெண்கள் எல்லோரும், குறிப்பாகப் பிள்ளைகளோ கணவரோ இல்லாதவர்கள், உயிருடன் இருக்கும்போதே உயில் எழுதி வைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக் நகர் பக்கம் ஐம்பது தாண்டிய தமிழ்ப் பெண்கள் கூடும் இடங்களில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. "அப்போ எதிர்வீட்டு அக்காவையும் நாமினியா போடலாமா?" என்று ஒரு கேள்வி. "நாமினிதான் போட்டாச்சே, உயில் எதுக்கு?" என்று இன்னொன்று.

இரண்டுமே நல்ல கேள்விகள். ஏனென்றால் இந்த வயதில் பல பெண்களுக்கு அன்றாடம் கைகொடுப்பது எதிர்வீட்டு அக்காதான், சட்டம் தேடுவதோ ரத்த உறவையும் கல்யாண உறவையும். எங்கே தோழியின் பெயர் செல்லும், எங்கே செல்லாது, செல்லும் என்றாலும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே

நம் வீடுகளில் கணவர் நான்கைந்து வயதாவது மூத்தவர், பெண்களுக்கு ஆயுளும் கொஞ்சம் கூடுதல். ஆக, கடைசிச் சில வருடங்களைத் தனியாகக் கழிக்கப்போவது பெரும்பாலும் மனைவிதான். பிள்ளைகள் வேலைக்காக ஓசூரிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ. இதே ஊரில் இருந்தாலும் ஒயிட்ஃபீல்டில் இருக்கும் மகன் ஸ்ரீராம்புரம் வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும்.

அரசு உதவிகளோ வேறு வயதுக் கணக்கில் ஓடுகின்றன. மூத்த குடிமகள் என்று பேர் வாங்க 60 ஆக வேண்டும். கர்நாடகத்தின் சந்தியா சுரக்ஷா ஓய்வூதியத்துக்கு 65. வருமானம் பார்க்காமல் தரும் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டுக்கு 70. 52 வயதில் முட்டி போய், வேலை போய், கணவரும் போய் நிற்கிறவருக்கு வயதை மட்டும் வைத்துக் கிடைப்பது ஒன்றுமில்லை. வயது பார்க்காமல் வருவது, 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தின் இலவச பஸ்ஸும், ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாகப் பெயர் இருந்தால் மாதம் 2,000 ரூபாய் தரும் கிருகலட்சுமியும் போன்றவைதான். அந்தத் தலைவிப் பட்டம் மாமியாருக்கா மருமகளுக்கா என்பதில் எத்தனை வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றது என்பது தனிக் கதை.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெற்றோர் பராமரிப்புக்கான 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கும் தாய்க்கு 60 ஆகியிருக்க வேண்டும் என்று இல்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வருமானம் இல்லை என்றால் 52 வயதுத் தாயும் கேட்கலாம்.

இந்த இடைவெளியை எது நிரப்புகிறது?

பக்கத்து வீடு. இட்லி மாவு போவதும் வருவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுவோம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறு ஏற்பாடுகள் தெரியும். காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ படத்தோடு வரும் குட் மார்னிங்கைப் பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள். தனியாக இருக்கும் பெண்களுக்கு அது வருகைப் பதிவு. எட்டு மணி வரை ஒருவரின் டிக் நீலமாகவில்லை என்றால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள், தட்டித் திறக்காவிட்டால் மாற்றுச் சாவி எந்த வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஊருக்குப் போனவர் வீட்டுக்கும் சேர்த்து மோட்டார் போட ஒருவர் உண்டு. கன்னடத்தில் வரும் படிவத்தை நிரப்ப, பெங்களூர் ஒன் என்ற அரசு சேவை மையத்துக்குக் கூடப் போக, கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த அக்கா ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். அவருக்கு வேறு வேலையே ஓடாது.

இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை, சட்டத்துக்கும் இதில் வேலை இல்லை. பணம், நகை, ஆஸ்பத்திரி, சாவு என்று வரும்போதுதான் தாள் தேவைப்படுகிறது.

சீட்டு: யாருக்கும் தெரியாத சேமிப்பு

முதலில் கணக்கு. 20 பேர், ஆளுக்கு மாதம் 2,000, 20 மாதம். மாதம் சேர்வது 40,000. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் இரண்டு வழி.

1. குலுக்கல் சீட்டு. பெயர் எழுதிக் குலுக்கிப் போட்டு, வந்தவருக்கு முழு 40,000. வட்டியும் இல்லை, கழிவும் இல்லை. வீட்டில் திடீரென்று செலவு வந்தவருக்கு மற்றவர்கள் முறையை விட்டுக்கொடுப்பார்கள்.

2. ஏலச் சீட்டு. அவசரம் உள்ளவர் ஒரு தொகையைத் தள்ளி எடுப்பார். 8,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 32,000. அந்த 8,000-ல் சீட்டு பிடிப்பவருக்கு 5 சதவீதம், அதாவது 2,000. மீதி 6,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 300 கசர், அதாவது கழிவு. அந்த மாதம் 1,700 கட்டினால் போதும்.

ஆக ஒரே சீட்டில் எடுத்தவர்கள் கடன்காரர்கள், எடுக்காதவர்கள் சேமிப்பவர்கள். நடுவில் ஒருவர் கட்டாமல் நின்றால் அடி விழுவது எடுக்காதவர்கள் தலையில். ஐம்பது வயதுக்காரர்களின் சீட்டுகளில் ஓடிப்போகிறவர்கள் குறைவு, ஏனென்றால் இருபது வருடமாக ஒரே தெரு, முகத்தில் விழிக்க வேண்டும். அந்த மானத்தைவிட உறுதியான பிணை இதில் வேறு இல்லை. இவர்களுக்கு வரும் ஆபத்து வேறு: நோயும் சாவும்.

பெண்கள் சீட்டு போடுவதே பெரும்பாலும் வீட்டில் சொல்லாமல்தான். கணவருக்குத் தெரிந்தால் கேட்பார், மகனுக்குத் தெரிந்தால் பைக்குக்கு முன்பணம். அதனால் கணக்கு இருப்பது ஒரே இடத்தில், சீட்டு பிடிக்கும் அக்காவின் நோட்டில். கட்டியவர் திடீரென்று போய்விட்டால் அவர் 14 மாதம் கட்டிய 28,000 இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நோட்டு வைத்திருக்கும் அக்காவே போய்விட்டால் இன்னும் மோசம், இருபது பேரும் அவருடைய மகனிடம் போய் நிற்க வேண்டும், அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

சட்டப்படி சீட்டு நிதிச் சட்டம் 1982-ன் கீழ் பதிவு செய்த சீட்டில் தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளரிடம் போகலாம். தெருச் சீட்டு பதிவாவதில்லை, அந்தக் கதவு திறக்காது. தெரு அக்கா பதிவு செய்யப் போகிறாரா என்றால், மாட்டார். குறைந்தபட்சம் ஆளுக்கொரு சிறு நோட்டு, மாதாமாதம் பிடிப்பவரின் கையெழுத்து, தான் இல்லாவிட்டால் பணம் யார் கைக்கு என்று முதல் பக்கத்தில் ஒரு வரி. அந்த வரி உயில் ஆகாது. ஆனால் இப்படி ஒரு பணம் இருக்கிறது என்பதற்கு அது தடயம். இதைக் கேட்டால் "என்ன, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுருங்கும். சுருங்கட்டும் என்பதுதான் என் கட்சி.

குழுக்கடனைச் சீட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நுண்கடன் நிறுவனத்தில் பத்துப் பேர் சேர்ந்து வாங்கும் கடனில் ஒருவருக்கு மற்றவர்கள் பொறுப்பு, அங்கே கையெழுத்து உதவி இல்லை, கடன். வசூலுக்கு வந்தவர்களின் மிரட்டல் எல்லை மீறியதால்தான் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் அதற்கென்றே அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

கழற்றிக் கொடுத்த வளையல்

கைமாற்றுக்குப் பணம் இல்லை, வளையல் இருக்கிறது. தோழி கழற்றிக் கொடுக்கிறார், இவர் கொண்டுபோய் அடகு வைக்கிறார். அடகுச் சீட்டு யார் பெயரில்? கொண்டுபோனவர் பெயரில். நகை தன்னுடையது என்று உறுதிமொழியும் அவர்தான் தந்திருப்பார். கடன் முடிந்தால் நகை அவரிடம் திரும்பும், அவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகளிடம். உண்மையான சொந்தக்காரர் "அது என் வளையல்" என்று போய்க் கேட்டால் அடகு பிடித்தவர் கொடுக்க மாட்டார். கொடுக்க வேண்டியவர் வாரிசு, அவருக்கு மனசு இருந்தால் உண்டு.

செய்யக்கூடியது எளிது. நகைக்குச் சொந்தக்காரரே தன் பெயரில் அடகு வைத்துப் பணத்தைத் தோழியின் கணக்குக்கு அனுப்பிவிடலாம். நகையும் அவருடையது, சீட்டும் அவருடையது, கொடுத்த பணத்துக்கு வங்கியில் பதிவும் இருக்கும்.

ஆஸ்பத்திரி: உறவுமுறை என்ற கட்டம்

அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் நோயாளியோடு அட்டெண்டர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், பெண்கள் வார்டில் ராத்திரி என்றால் பெண்தான் இருக்க முடியும். மகன் இருந்தாலும் அவன் வெளியே வராந்தாவில். பெங்களூரின் போரிங் ஆஸ்பத்திரியிலோ விக்டோரியாவிலோ ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் பக்கத்து வீடு என்று தெரியும். படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் "தங்கை" என்று எழுதியிருப்பார்கள்.

இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. அறுவைக்குச் சம்மதம். சுயநினைவோடு இருக்கும் வயது வந்த பெண்ணின் சம்மதத்தை அவர்தான் தர வேண்டும். 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது அம்மாவின் கையெழுத்து செல்லாது என்றது தீர்ப்பு. அதனால் "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்" என்று கவுன்டரில் சொன்னால், நினைவோடு இருக்கும் பெண் தானே கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லலாம். நடைமுறையில் இதற்கு ஒரு வாக்குவாதம் ஆகும்தான்.

2. பணப் பொறுப்பு. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நீட்டும் தாளில் பில்லுக்கு நான் பொறுப்பு என்ற வரியும் இருக்கும். தோழியைக் காப்பாற்றும் அவசரத்தில் போட்ட கையெழுத்து இரண்டு லட்ச ரூபாய்க் கடனாக மாறலாம். அவசரச் சிகிச்சையைத் தொடங்குவதற்கு அந்தக் கையெழுத்து நிபந்தனை ஆகாது. அந்த வரியைப் படித்துவிட்டு, நான் கூட வந்தவர் மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

3. நினைவு தப்பிய பிறகு யார் முடிவெடுப்பது. மனநலச் சிகிச்சை என்றால் 2017 ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தாராளமாக இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சம்மதிக்கும் எந்தப் பெரியவரையும் தன் பிரதிநிதியாக நியமிக்கலாம், உறவாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. உயிர்காக்கும் கருவிகளை எப்போது நிறுத்துவது என்பதற்கு வேறு தாள். அதில் முன்பு இருந்த கெடுபிடியை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தளர்த்திவிட்டது. இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். 2025 ஜனவரி கடைசியில் கர்நாடக சுகாதாரத் துறையும் இதற்கான ஆணை போட்டிருக்கிறது.

நாமினி: வாங்கும் கை மட்டும்

முதல் கேள்விக்குப் பதில்: போடலாம். வங்கி டெபாசிட்டுக்கு எதிர்வீட்டு அக்காவை நாமினியாகப் போட எந்தத் தடையும் இல்லை. புதிய முறைப்படி நான்கு பேர் வரை, இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் போடலாம், ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசையாகவும் போடலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான்.

ஆனால் நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கும் கை. வங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு முடிந்தது, அவ்வளவுதான். வாங்கிய பணம் உயில் இருந்தால் உயிலில் உள்ளவருக்கு, இல்லாவிட்டால் வாரிசுகளுக்கு. 1984-லிருந்து பல வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லிவருகிறது, 2023 டிசம்பரில் கம்பெனிப் பங்குகள் பற்றிய வழக்கிலும் அதேதான். நாமினியான அக்கா பணத்தை எடுத்து, இறந்தவர் வாய்மொழியாகச் சொன்னபடி கோயிலுக்கோ பேத்திக்கோ கொடுத்துவிட்டால், நாளைக்கு மைத்துனர் மகன் வந்து கணக்குக் கேட்கலாம். நல்லது செய்யப் போய் கோர்ட்டில் நிற்பது என்பது இதுதான்.

பி.எஃப். பணம் வேறு மாதிரி. பெங்களூரின் கார்மென்ட் தொழிலாளிகள் பலருக்கு இது ஒன்றுதான் பெரிய தொகை. கணவர், பிள்ளைகள் என்று குடும்பம் இருக்கும்போது வெளியாளை நாமினியாக எழுதினால் அந்த எழுத்து செல்லாது. குடும்பம் என்று யாருமே இல்லாதவர் மட்டும்தான் தோழியை எழுத முடியும்.

ஏ.டி.எம். கார்டு பற்றி ஒரு வார்த்தை. மாத்திரை வாங்க, கரண்ட் பில் கட்ட என்று கார்டையும் ரகசிய எண்ணையும் தோழியிடம் கொடுத்து வைப்பது எங்கும் நடக்கிறது. உயிரோடு இருக்கும்வரை பிரச்சினை இல்லை என்று நினைப்போம், ஆனால் எண்ணைச் சொல்லிக் கொடுத்தபின் பணம் போனால் வங்கி கைவிரித்துவிடும். இறந்த பிறகோ, சாவுச் செலவுக்கே எடுத்திருந்தாலும், எடுத்தவர் திருடியவராகப் பார்க்கப்படலாம். சாவுச் செலவுக்கு என்று ஒரு தொகையைத் தோழியோடு கூட்டுக் கணக்கில், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில் போட்டு வைப்பது இதைவிடப் பத்திரம். அதில் பெரிய தொகை வேண்டாம், அவரும் உங்களைக் கேட்காமல் எடுக்க முடியும் என்பது நினைவிருக்கட்டும்.

உயில்: உச்ச நீதிமன்றம் ஏன் சொன்னது?

உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்து எங்கே போகும் என்பதை 1956 ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு சொல்கிறது. வரிசை இப்படி:

1. மகன், மகள், கணவர்.
2. அவர்கள் இல்லை என்றால் கணவரின் வாரிசுகள்.
3. அதற்கும் பிறகுதான் பெண்ணின் தாய், தகப்பன்.
4. பிறகு தகப்பன் வழி, கடைசியில் தாய் வழி.

பிள்ளை இல்லாதவருக்குத் தாய் தகப்பனிடமிருந்து வந்த சொத்து மட்டும் தகப்பன் வாரிசுகளுக்குத் திரும்பும். சொந்தமாகச் சம்பாதித்ததற்கு அந்த விலக்கு இல்லை. 2009-ல் முடிந்த ஒரு வழக்கைப் பாருங்கள். கல்யாணமான மூன்றே மாதத்தில் பாம்பு கடித்துக் கணவர் இறந்துபோகிறார். புகுந்த வீட்டார் அந்தப் பெண்ணைத் துரத்திவிடுகிறார்கள். பிறந்த வீடு படிக்க வைக்கிறது, வேலைக்குப் போகிறார், கடைசிவரை தானே சம்பாதித்து வாழ்கிறார், 1996-ல் உயில் எழுதாமல் இறக்கிறார். அவர் அம்மா கேட்டும் கிடைக்கவில்லை, சொத்து கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. பரிதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

கூடவே இருந்து பார்த்த தோழிக்கு இந்த வரிசையில் எங்குமே இடம் இல்லை. அவர் உள்ளே வரும் ஒரே வாசல் உயில். இரண்டாவது கேள்விக்கும் பதில் இதுவே: நாமினி போட்டாலும் உயில் வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை, தமிழில் கைப்பட எழுதினாலும் செல்லும். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும். எந்தத் தோழிக்கு எழுதுகிறோமோ அவரைச் சாட்சியாகப் போடக் கூடாது. கிறிஸ்தவர்களுக்கு அப்படிப் போட்டால் அவருக்கு எழுதியதே செல்லாது. மற்றவர்களுக்கும் வீண் சந்தேகம்தான் மிஞ்சும். முஸ்லிம் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத வாரிசுகளின் சம்மதம் தேவை. முடிந்தால் வயதில் சின்னவர்களைச் சாட்சியாகப் போடுங்கள். எழுபது வயது அக்காக்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் அந்தக் கையெழுத்துகளை நிரூபிப்பது பெரும்பாடு.

எழுதி முடித்ததும் பலர் உயிலைக் கொண்டுபோய் வைப்பது வங்கி லாக்கரில், நகையோடு. லாக்கரில் இருப்பது யாருக்கு என்பதே உயிலில்தான் எழுதியிருக்கும், உயிலோ உள்ளே பூட்டியிருக்கும். பீரோவில் புடவைக்கு அடியில் வையுங்கள், ஒரு நகல் மாற்றுச் சாவி வைத்திருக்கும் வீட்டில் இருக்கட்டும்.